ஆராதனையில் இவனுக்கு என்ன வேலை?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், பேர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பது வயதில் மகள், நாலரை வயதில் மகன். கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவார். மாமியார் கூடவே இருக்கிறார். மூன்று தலைமுறையாக ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. காலை எட்டரைக்குத் தொடங்கும் ஆராதனை பத்தரை வரை போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் பையன் சத்தமாகக் கேட்டுவிட்டான்: “ஏனுங்மா, ஐயா எப்பங்க முடிப்பாங்க?” நாலு பேர் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் திரும்பி, “அம்மிணி, பையனை வெளிய கூட்டிட்டுப் போங்க” என்றார். இவர் அவமானத்தில் பையன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ள, அவன் வீறிட, ஆராதனை முடியும்வரை இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில்.

அடுத்த மாதமே கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஆராதனை நேரம் முழுவதும் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். டிவியில் பைபிள் கார்ட்டூன் ஓடுகிறது. சத்தம் வராமலிருக்கக் கதவைச் சாத்தி வைக்கிறார்கள். பையன் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறான். மகள், “நான் எங்கயும் வரலை, வீட்லயே இருந்துக்கறேன்” என்கிறாள். மாமியார் செல்போனில் சத்தத்தை அணைத்து அவன் கையில் கொடுத்துப் பார்த்தார். நாத்தனார், “இவன் ஹைப்பர், டாக்டர்கிட்ட காட்டு” என்கிறார். கணவரோ, திருப்பூரில் பிள்ளைகளுக்குத் தனி ஹால் உள்ள பெரிய சபைக்கு மாறிவிடலாம் என்கிறார்.

கடைசியில் நாலு கேள்விகள்: என் வளர்ப்பு சரியில்லையா? பையனுக்கு ஏதாவது கோளாறா? கமிட்டி இப்படிச் சொல்ல உரிமை உண்டா? சபை மாறிவிடலாமா?

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். “அறுப்பின் பண்டிகை அன்னிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஒரு தொந்தரவும் பண்ணலைங்க.” விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அந்த நாளில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏலத்துக்கு வந்த கொத்தமல்லிக் கட்டுகளை ஒவ்வொன்றாக மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மஞ்சள் கொத்தை ஏலம் எடுத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏலம் விடுகிறவர் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்றதும் இவன் “மூணு தரம்” என்று கத்தினான், ஒருத்தரும் முறைக்கவில்லை. பையனும் அவன்தான், சபை ஜனங்களும் அவர்களேதான். அன்றைக்கு அவனுக்கு வேலை இருந்தது. மற்ற ஞாயிறுகளில் சும்மா இருப்பது ஒன்றுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. நாலரை வயதில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

வளர்ப்பைப் பற்றிய கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஹைப்பரா?

நாத்தனார் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஓரிடத்தில் உட்காரவில்லை என்பதை வைத்து எந்த மருத்துவரும் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்று எழுத மாட்டார். உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற வரையறைப்படி, அந்த அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வயதுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். உங்கள் பையன் யு.கே.ஜி.யில் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. டீச்சரிடம் போய், “மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா எப்படிங்க இருக்கான்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பிலும் வீட்டிலும் இதே கதைதான் என்றால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வயதுக்கேற்ப வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறான் என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பெரியவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அவன் வாய்விட்டுக் கேட்டான்.

பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போனபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த கதை அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவன் வாலிபன். அவனுக்கே அந்தக் கதி.

கிள்ளியதற்காக உங்களைக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்போது கை தன்னால் போய்விடும். ஆனால் இனி வேண்டாம். ஆலயம் என்றதும் தொடை வலிதான் முதலில் ஞாபகம் வரும் என்றால் அதை அழிக்க வெகுகாலம் ஆகும்.

உள்ளே வைத்துக்கொள்வது எப்படி?

கடைசி பெஞ்சு வேண்டாம். பிள்ளையோடு வருகிறவர்கள் பின்னால் போய் உட்கார்வது நம் ஊர் வழக்கம். அங்கிருந்து அவனுக்குத் தெரிவதெல்லாம் முதுகும் கொண்டையும்தான். இரண்டாவது வரிசையில் ஓரமாக, ஸ்பீக்கர் பெட்டி இல்லாத பக்கமாக உட்காருங்கள். ஆயர் என்ன செய்கிறார், பாடகர் குழு எப்போது எழுகிறது என்று பார்க்கக் கிடைத்தாலே பாதி நேரம் ஓடிவிடும்.

வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். எட்டு மணிக்கு இட்லி, பிறகு பாத்ரூம், அப்புறம் அந்த வேப்பமரத்தைச் சுற்றிப் பத்து நிமிட ஓட்டம். ஒரு துணிப்பையில் வெள்ளைத்தாளும் நாலு கிரேயான்ஸும் போதும். எவர்சில்வர் தண்ணி பாட்டில் மட்டும் வேண்டாம், கீழே விழுந்தால் ஆலயமே திரும்பும். செல்போனும் வேண்டாம் என்று உங்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சத்தம் இல்லைதான், ஆனால் பையனும் அங்கே இல்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் என்ன கீர்த்தனை என்று பாடகர் குழுவில் யாரிடமாவது வாட்ஸ்அப்பில் கேட்டு, பல்லவியை மட்டும் வாரம் முழுக்கக் குளிப்பாட்டும்போது பாடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டு எழும்போது அவன் முகத்தைப் பாருங்கள். பரமண்டல ஜெபத்தையும் அப்படியே. நாலரை வயதுக்கு அர்த்தம் தெரியாமல் போகலாம், வாயில் வரும். எல்லாரும் ஒன்றாகச் சொல்லும்போது தானும் சொல்ல முடிகிறது என்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

அவன் சத்தம் போட்டால் வெளியே கூட்டிப் போங்கள், தப்பில்லை. இரண்டு நிமிடம் தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்துவிடுங்கள். முடியும்வரை மரத்தடியில் நின்றீர்கள் என்றால், கத்தினால் மரத்தடி கிடைக்கும் என்ற பாடத்தை அவன் ஒரே வாரத்தில் படித்துவிடுவான். திரும்பி வருவதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்தப் பத்தடி நடையில் யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. இவ்வளவும் நடக்கும்போது உங்கள் கணவர் ஆண்கள் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்! வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர், புரிகிறது. ஆனால் நாலரை வயதுப் பையனை அப்பா பக்கம் உட்கார வைக்க எந்த வழக்கமும் குறுக்கே நிற்கவில்லை. ஒரு வாரம் உங்களோடு, ஒரு வாரம் அவரோடு. வாரம் முழுக்க அப்பாவைப் பார்க்காத பையனுக்கு, அவர் மடியில் உட்காரக் கிடைக்கிற அந்த இரண்டு மணி நேரமே லாபம். அப்பா எப்படிக் கண்ணை மூடி ஜெபிக்கிறார் என்பதை ஒரு பையன் வேறு எங்கே பார்க்கப் போகிறான்?

மகளைப் பற்றி

கடிதத்தில் இரண்டே வரிதான் அவளுக்கு. எனக்கு அவள்மேல்தான் அதிகக் கவலை. தம்பி அழுகிறான், அதனால் எல்லாரும் பார்க்கிறார்கள். அவள் சத்தமில்லாமல் ஒதுங்குகிறாள். நாலாம் வகுப்புப் பெண்ணைக் குட்டிப் பிள்ளைகளோடு கார்ட்டூன் முன்னால் உட்கார வைத்தால் அவளுக்கு அது அவமரியாதை. தமிழை நன்றாக வாசிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்களே, வேதபாடம் வாசிக்க அவள் பேரைக் கொடுங்கள். முதல் தடவைக்கு சங்கீதத்தில் ஆறேழு வசனம் போதும். முந்தின நாள் வீட்டில் இரண்டு முறை வாசித்துப் பார்க்கட்டும். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். எக்கி நின்று வாசிக்க வைப்பது பாவம்.

பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “எது புரியலை?” என்று கேளுங்கள். யாத்திராகமம் 12ஆம் அதிகாரம், பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளைகள் இந்த ஆராதனைக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டும் என்கிறது. பிள்ளை கேட்க வேண்டுமென்றால் முதலில் அங்கே இருந்து பார்க்க வேண்டும் இல்லையா?

கமிட்டியிடம் பேசுவது

நான் குடும்ப ஆலோசகர், இறையியல் படித்தவள் இல்லை. ஆனாலும் “பிள்ளைகள் தனியாக இருப்பதுதான் முறை” என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. உபாகமம் 31:12 ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிவைத்து வேதத்தை வாசிக்கச் சொல்கிறது. பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் இயேசு கோபப்பட்டது மாற்கு 10இல் இருக்கிறது. ஞாயிறு பள்ளியும் ஆராதனைக்குப் பதிலாக வந்தது அல்ல. 1780இல் இங்கிலாந்தின் குளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரம் முழுவதும் வேலை பார்த்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு நாளில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். ஆலயத்துக்கும் அழைத்துப் போனார்கள்.

உரிமை என்று கேட்டால், ஆராதனையை எப்படி நடத்துவது என்பது சபையின் உள்விவகாரம். அரசியலமைப்பின் 26ஆவது பிரிவு அதைச் சமயப் பிரிவுகளிடமே விட்டிருக்கிறது. ஆகவே மனு, வக்கீல் என்ற பேச்சே வேண்டாம். ஆராதனைக்கு முதல் பொறுப்பு ஆயர்தான். கமிட்டிக்குப் போகும் முன்னால் அவரை வீட்டில் போய்ப் பாருங்கள். ஆயரம்மாவும் இருக்கும்போது போனால் இன்னும் நல்லது. புகாராக ஆரம்பிக்காதீர்கள், மூன்று மாதம் மட்டும் இப்படிச் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள்:

– முதல் அரை மணி நேரம், பாட்டும் வேதபாடமும் முடியும்வரை, பிள்ளைகள் பெற்றோருடன் உள்ளேயே இருக்கட்டும்.
– பிரசங்கத்துக்கு முன் ஆயர் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசட்டும். பிறகு சின்னவர்கள் மட்டும் வகுப்புக்குப் போகட்டும். ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் விரும்பினால் உள்ளேயே இருக்கலாம்.
– காணிக்கை நேரத்தில் எல்லாரும் திரும்பி வந்து ஆசீர்வாதம் வரை இருக்கட்டும்.

திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் சடங்கு) உள்ள ஞாயிறுகளில் இது இன்னும் எளிது. சி.எஸ்.ஐ. ஆராதனை முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் சமாதானம் கொடுப்பது. ஆயரிடம் தொடங்கி, வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, மேலே இடது கையால் மூடி, பெஞ்சு பெஞ்சாக அது கைமாறிக்கொண்டே வரும். வாசிக்கத் தெரிய வேண்டாம், பிரசங்கம் புரிய வேண்டாம். வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏலத்தில் மஞ்சள் கொத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு இது வராதா? அப்பமும் ரசமும் எந்த வயதிலிருந்து என்பதை ஆயரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகத் திடப்படுத்தலுக்கு (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பிறகுதான் என்றாலும், அதுவரை ஆசீர்வாதம் வாங்கப் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போகலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

அந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கொஞ்சம் அவர் பக்கமிருந்தும் பாருங்கள். காதில் மெஷின் வைத்திருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மெஷின் பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, பக்கத்தில் நடக்கும் சிணுங்கலையும் பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒரு பிள்ளை கத்தினால் பிரசங்கத்தில் ஒரு வாக்கியமே அவருக்குப் போய்விடும். அவர் கேட்ட விதம் தவறு, கஷ்டம் நிஜம். அவருக்கு முன் வரிசையில் ஸ்பீக்கர் பக்கமாக இடம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், வாசலில் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையை உங்கள் பையனுக்கு வாங்கிக் கொடுங்கள். முதல் புத்தகம் வாத்தியார் தாத்தாவுக்கு. பேர் தெரிந்த பிள்ளையின் சத்தம் அவ்வளவாக எரிச்சல் தருவதில்லை, இதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

சாத்திய கதவு

இதை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு பெரியவர், சாத்திய கதவு, உள்ளே இருபது பிள்ளைகள். அந்தத் தம்பி மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இது அவரையும் பாதுகாக்கிற விஷயம். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் கண்ணாடி வைத்த கதவு. பாத்ரூமுக்குப் பிள்ளையைத் தனியாகப் பெரியவர் ஒருவரே கூட்டிப் போகக் கூடாது. யார் விட்டார்களோ அவர்களே வந்து கூட்டிப் போக வேண்டும். இதைக் கமிட்டியில் எழுத்தில் வையுங்கள். நாலு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

“சபை விஷயம் சபைக்குள்ளேயே” என்ற பேச்சு இதில் செல்லாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்று பயமிருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். ஆயருக்கோ கமிட்டிக்கோ விலக்கு இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எப்போதும் இருக்கும். பையன் அந்த அறைக்குப் போக ஏன் மறுக்கிறான் என்பதையும் ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். அம்மா இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். இருந்தாலும், “அங்க உனக்கு எது பிடிக்கலை சாமி?” என்று கேட்டுவிட்டு அவன் சொல்லும்வரை காத்திருங்கள். நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சபை மாறலாமா?

உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பிள்ளைகளுக்கென்றே ஹால், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வயதுவாரியாக வகுப்பு எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் அங்கேயும் பிள்ளைகள் முழு நேரமும் தனி ஹாலில்தான் இருப்பார்கள் என்றால், இங்கே நீங்கள் வருத்தப்படுகிற அதே விஷயம் அங்கே ஏசி போட்டு நடக்கிறது. அது தவிர, தெரிந்தவர்கள் யாருமில்லாத இடத்தில் ஒன்பது வயதுப் பெண் இன்னும் ஒதுங்கக்கூடும். மூன்று தலைமுறை உறவை நாலரை வயதுப் பையனின் ஒரு கேள்விக்காக இப்போதே அறுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று மாதம் முயன்று பார்த்தும் ஆயர் கைவிரித்துவிட்டார், கமிட்டி அசையவில்லை, கதவு அப்படியே சாத்தித்தான் இருக்கிறது என்றால் மாறுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். போகும் முதல் ஞாயிறு பாடகர் குழுவையும் விளக்குகளையும் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகள் ஹாலைப் போய்ப் பாருங்கள். எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள், கதவு எப்படி, பிள்ளைகள் எப்போது பெற்றோரிடம் திரும்பி வருகிறார்கள் என்று கேளுங்கள். ஞாயிறு காலை திருப்பூர் பஸ்ஸில் உங்கள் அத்தையால் வர முடியுமா, முடியாதென்றால் இங்கே அவரை ஆலயத்துக்குக் கூட்டிப் போவது யார் என்பதையும் கணவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.